அமெரிக்கன் ஃபுட்பால் கமெண்டரி: டெல்டாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு எந்த ஜோடி சரி?

கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் மேட்ச்சில் முதலில் இடிப்பது அதன் காத்திருப்புதான். கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. அது முடிந்த 5 விநாடிக்குள் அடுத்த ரெய்டர் கிளம்பியாக வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். ஒரு பிளே (பந்தை எடுத்து ஆடும் ஒரு முயற்சி) ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும், அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம். மூன்று மணி நேரம் தாண்டி ஓடும் மேட்ச்சில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான் என்று 2010ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கெடுத்துச் சொன்னது. மீதி நேரத்தைத் தாங்குவது கமெண்டரி. மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ பக்கத்தில் உட்கார்ந்து விதியைச் சொல்லித்தர ஆள் கிடையாது. வர்ணனையாளருடன் ஜோடியாக உட்கார்ந்து ஆட்டத்தை அலசும் அனலிஸ்ட்தான் வாத்தியார். அதனால் இந்த விமர்சனத்தில் ஒரே அளவுகோல்: ரீப்ளே முடிந்ததும், அந்த பிளே ஏன் பலித்தது அல்லது ஏன் சொதப்பியது என்று நமக்குப் புரிந்ததா?

அந்த 40 விநாடியை ஒரு நல்ல ஜோடி எப்படிச் செலவழிக்கிறது என்று கவனியுங்கள். வர்ணனையாளர் முதல் சில விநாடிகளில் யார் பிடித்தார், யார் மடக்கினார், எத்தனை யார்டு, அடுத்தது எந்த டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது) என்று சொல்லி முடிப்பார். இதற்கு அவர் முன்னால் இரண்டு அணி வீரர்களின் எண், பெயர், விவரம் எழுதிய பெரிய அட்டை இருக்கும். பக்கத்தில் நிற்கும் உதவியாளரான ஸ்பாட்டர் மடக்கியவரின் பெயரில் விரல் வைப்பார். பிறகு அனலிஸ்ட்டின் முறை, ஒரு ரீப்ளேயின் நீளம்தான் கிடைக்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது, கோச்சிடமிருந்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குப் போகும் ரேடியோ துண்டிக்கப்படும் (1994 முதல் உள்ள ஏற்பாடு). அதற்குள் அனலிஸ்ட் பழைய கதையை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர், பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்கும் ஸ்நாப்பின் மேலேயே பேசிக்கொண்டிருப்பார். டிவி கமெண்டரியின் முதல் வியாதி இதுதான்.

இரண்டாவது வியாதி, கேமராவுக்குத் தெரியாததைச் சொல்லாமல் விடுவது. மெயின் கேமரா பக்கவாட்டிலிருந்து நெருக்கமாகக் காட்டும். பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகள் (கடைசிக் காவல்காரர்கள்) பெரும்பாலும் திரைக்கு வெளியே இருப்பார்கள். மூன்றாவது டவுன், 7 யார்டு வேண்டும் என்று வையுங்கள். ஸ்நாப்புக்கு முன் ஒரு ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) குறுக்கே நகர்கிறார். எதிரணியில் ஒருவர் அவர் பின்னாலேயே ஓடினால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் தொடரவில்லை என்றால் பெரும்பாலும் ஸோன், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது. அதே நேரம் ஒரு சேஃப்டி முன்னால் இறங்கிவிட்டால் பின்னால் காவல் ஒற்றையாள்தான், ஓரத்தில் ஓடும் ரிசீவருக்கு உதவிக்காவல் வராது. இதை மூன்று விநாடியில் சொல்லிவிட்டு வாயை மூடி, பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த ரீப்ளேயில் நிரூபிப்பவர்தான் அனலிஸ்ட். ‘என்ன ஒரு த்ரோ!’ என்பதை நம் கண்ணே சொல்லிவிடும்.

இந்த வேலையைச் சுத்தமாகச் செய்பவர் கிரெக் ஓல்சன். கரோலினா பேந்தர்ஸின் பழைய டைட் எண்ட். அந்த இடத்தில் ஆடியவர் எதிராளியைத் தடுக்கும் பிளாக்கும் செய்ய வேண்டும், பந்தும் பிடிக்க வேண்டும். அதனால் முன்வரிசையான லைனில் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறார். நான்காவது டவுனில் உதைப்பதா, துணிந்து ஆடுவதா என்ற கணக்கை இவ்வளவு எளிமையாகச் சொல்பவர் வேறு யாரும் இல்லை. 2024ல் எம்மி விருது வாங்கினார். அதே ஆண்டு பழைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி வந்ததால் ஃபாக்ஸ் சேனலின் முதல் ஜோடியிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கப்பட்டார். இப்போது வர்ணனையாளர் ஜோ டேவிஸுடன். இவர் குரல் வரும் மேட்ச் எதுவாக இருந்தாலும் அதைப் பாருங்கள், அணி முக்கியமில்லை.

பிரேடி லீக்கின் இறுதி மேட்ச்சான சூப்பர் பவுலை ஏழு முறை ஜெயித்தவர், ஆட்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வாங்கியதால் 2024 சீசனில் மேட்ச்சுக்கு முன் கோச்சுகளுடன் நடக்கும் தயாரிப்புக் கூட்டத்தில் கலந்துகொள்ள லீக் அவரை விடவில்லை. 2025ல்தான் ஆன்லைனில் சேர அனுமதி வந்தது. அந்தக் கூட்டத்தில்தான் ‘இந்த வாரம் இதை முயற்சி செய்வோம்’ என்ற துப்புகள் கிடைக்கும். முதல் வருடம் அவர் பேச்சு பொதுப்படையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2025ல் நன்றாகவே தேறியிருக்கிறார். குறிப்பாக, குவார்ட்டர்பேக்கின் கால் வைப்பு பற்றிப் பேசும்போது.

சிபிஎஸ் சேனலில் டோனி ரோமோ. 2019 ஜனவரியில் பேட்ரியட்ஸ், சீஃப்ஸ் மோதிய ஏஎஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியில் பிளேக்களை முன்கூட்டியே சொல்லி அசத்தியவர். பாதி முடியும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில் டைம் அவுட்டை எப்போது செலவழிக்கலாம் என்று அலசுவதில் இன்றும் கெட்டி. உற்சாகம் ஏறினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது, கத்தல் மிஞ்சுகிறது. ஆங்கிலம் வேகமாகக் காதில் ஏறாதவர்களுக்கு இவர் சிரமம். அவர்களுக்கு ஈஎஸ்பிஎன்னின் டிராய் ஐக்மேன் உகந்தவர்: சின்ன வாக்கியம், தெளிவான உச்சரிப்பு, மோசமான த்ரோவை மோசம் என்றே சொல்வார். வர்ணனையாளர் ஜோ பக்கும் அவரும் 2002 முதல் ஜோடி. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதே இல்லை. என்பிசியின் கிரிஸ் காலின்ஸ்வொர்த் புகழ்ச்சியைக் கொஞ்சம் குறைத்தால் தேவலை. வியாழக்கிழமை ஜோடியான அல் மைக்கேல்ஸ், ஹெர்ப்ஸ்ட்ரீட் நிதானம், சில சமயம் அளவுக்கு மீறி.

விதி நிபுணரை மறக்கக் கூடாது. 2010ல் மைக் பெரேராவை வைத்து ஃபாக்ஸ் ஆரம்பித்த வழக்கம். பந்தைப் பிடித்தாரா இல்லையா என்று அனலிஸ்ட் அவசரப்பட்டு அடித்துச் சொல்லி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். பார்க்க வேண்டியவை மூன்று: பந்து கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இரண்டு காலும் (அல்லது கை தவிர உடலின் வேறு பகுதி) உள்ளே பட வேண்டும், பிறகு இன்னொரு அடி எடுத்து வைப்பது போல ஒரு செயல், அல்லது அதைச் செய்யப் போதுமான நேரம். மூன்றையும் வரிசையாகச் சொல்பவர் சிபிஎஸ்ஸின் ஜீன் ஸ்டெரட்டோர்.

இனி நம் ஊர் சங்கதி. டாஸோன் ஸ்ட்ரீமிங் தளத்தில் வரும் என்எஃப்எல் சந்தாவான கேம் பாஸில் அந்தந்த மேட்ச்சின் அமெரிக்கக் கமெண்டரிதான் கேட்கும்; ஜோடி வேண்டுமென்றால் மேட்ச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாருக்கு எந்த மேட்ச் என்பதை 506 ஸ்போர்ட்ஸ் தளம் வாரத்தின் நடுவில் போட்டுவிடும். ஞாயிறு ராத்திரி மேட்ச் நமக்குத் திங்கள் காலை 5:50. நவம்பர் முதல் ஞாயிறில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றியதும் 6:50. திங்கள் ராத்திரி மேட்ச்சுக்குப் பேசும் ஐக்மேன் நமக்குச் செவ்வாய் காலையில் வருவார். ஃபாக்ஸ், சிபிஎஸ் முதல் ஜோடிகள் பெரும்பாலும் ராத்திரி 1:55, நவம்பருக்குப் பின் 2:55. நேரமில்லை என்று 40 நிமிடச் சுருக்கத்தைப் பார்த்தால் பிளேக்கள் ஒட்டி ஒட்டி வரும், அனலிஸ்ட்டின் பேச்சு வெட்டுப்பட்டுப் போகும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வாரம் ஒன்றையாவது முழுசாகப் பாருங்கள்.

டிவியில் குரல் அமுங்கி ரசிகர் இரைச்சல் மட்டும் கேட்டால், ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலியில் குரல் நடு ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், நம் டிவியில் அது இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ஃபைபர் பெட்டி பல வீடுகளில் அந்த லைனில் இருக்காது. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும். தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்ப வேண்டாம், எச்டியில் முதல் பாதிக்கே பத்தாது.

பிளேஆஃப் பொங்கலை ஒட்டி ஆரம்பிக்கும். சூப்பர் பவுல் சம்பா அறுவடை நேரத்தில், பிப்ரவரித் திங்கள் காலை 5 மணிக்கு. 2025 சீசனுக்கு அது என்பிசியின் முறை, ஆகவே காலின்ஸ்வொர்த். 2027 பிப்ரவரியில் ஏபிசி, ஈஎஸ்பிஎன் முறை.