ஒத்த சொல் தேடுவோருக்கு வேர்ட்நெட்: ‘சார்ஜ்’ என்ற சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றுச் சொல் வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்த ‘சார்ஜ்’? கட்டணமா, குற்றச்சாட்டா, பொறுப்பா, மின்னூட்டமா, எதிரி மேல் பாய்வதா? இதைக் கேட்காமலே சொற்களை அள்ளிக் கொட்டும் ஒத்தசொல் தளங்கள்தான் அதிகம். ‘ஃபீ’ வர வேண்டிய இடத்தில் ‘ஃபேர்’ வந்து உட்காருவது அதனால்தான்.

வேர்ட்நெட் இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985-இல் தொடங்கிய ஆங்கிலச் சொற்களின் தரவுத்தளம் இது. இலவசம். இதில் அடிப்படை அலகு சொல் அல்ல, பொருள். ஒரே பொருளைத் தரும் சொற்களை ஒரு தொகுதியாகக் கட்டி, அதற்கு ஒரு சிறு விளக்கமும், பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார்கள். 2006-இல் வந்த 3.0 பதிப்பில் இப்படி 1,17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள் உண்டு. ‘சார்ஜ்’ தேடினால் ‘அக்யூசேஷன்’ ஒரு தொகுதியில், ‘எலக்ட்ரிக் சார்ஜ்’ வேறொன்றில், ஒப்படைத்த பணியைக் குறிக்கும் ‘மிஷன்’, ‘கமிஷன்’ இரண்டும் மற்றொன்றில் என்று பிரிந்தே வரும். ஒருவர் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட ஆள் என்ற பொருளுக்கும் தனி இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியரின் ‘சார்ஜஸ்’ என்று படிக்கும்போது திகைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

முதலில் வரும் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர்ச்சொல் ‘சார்ஜ்’ஜுக்கு முதலில் நிற்பது ஆவேசமாகப் பாய்வது, கட்டணம் அதற்குப் பின்னால்தான். பொருள் குறித்துவைத்த ஓர் உரைத்தொகுப்பில் எது எத்தனை முறை வந்தது என்று எண்ணி இந்த வரிசையை அமைத்திருக்கிறார்கள். தொகுப்பின் பெரும்பகுதி 1961-இல் அமெரிக்காவில் அச்சான உரைகள். தொடக்ககாலத் தொகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய குறுநாவல் ஒன்று முழுதாகவே இருந்தது. அங்கே படைப் பாய்ச்சல் மேலே ஏறுவதில் வியப்பில்லை. இன்றைய கடைக்கும் கைப்பேசிக்கும் அந்த வரிசை பொருந்தாது. விளக்கத்தைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியான பொருளைக் கண்டதும் அதன் உறவுகளை விரித்துப் பாருங்கள். வேர்ட்நெட்டின் உண்மையான பலம் இதுதான். கட்டணம் என்ற ‘சார்ஜ்’ஜுக்கு மேலே ‘காஸ்ட்’ (செலவு) நிற்கும். கீழே கட்டணத்தின் வகைகள் கிளை பிரியும். ‘ஃபேர்’ என்றால் பேருந்து, ரயில் போன்றவற்றில் பயணம் செய்யக் கொடுப்பது. ‘ஃபீ’ ஓர் உரிமைக்கோ, வக்கீல், மருத்துவர் போன்றோரின் தொழில்முறைப் பணிக்கோ கொடுக்கும் நிலையான தொகை. ‘டோல்’ சாலைக்கும் பாலத்துக்கும். வெளியிலிருந்து கொண்டுபோன மதுவைத் திறந்து பரிமாற உணவகம் வாங்கும் ‘கார்க்கேஜ்’ கூட இந்தக் கிளையில் இருக்கிறது. தேடியது ‘சார்ஜ்’ ஆனாலும் பல நேரம் எழுத வேண்டிய துல்லியமான சொல் இந்தக் கீழ்க்கிளையில்தான் கிடைக்கும்.

ஒரே தொகுதியில் இருக்கும் சொற்களைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. பணம் கேட்பது என்ற பொருளில் ‘சார்ஜ்’, ‘பில்’ இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆனால் கல்லாவில் உடனே கேட்டு வாங்குவதை ‘சார்ஜ்’ என்பார்கள். ‘பில்’ என்றால் கணக்கு எழுதிக் கொடுத்து அல்லது அனுப்பிப் பணம் கேட்பது. சொல்லை மாற்றிய பிறகு வாக்கியத்தை முழுதாக ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பெரிய குறை, சொல்லோடு ஒட்டி வரும் சிறு சொற்கள். பெயர், வினை, பெயரடை, வினையடை தவிர வேறு சொல்வகை இதில் கிடையாது. குற்றம் சாட்டும் பொருளில் ‘சார்ஜ்’ஜுக்குப் பின் ‘வித்’ வரும், ‘அக்யூஸ்’ஸுக்குப் பின் ‘ஆஃப்’, ‘பிளேம்’முக்குப் பின் ‘ஃபார்’. வினைகளுக்கென்று 35 பொது வாக்கிய அமைப்பு மாதிரிகள் இருந்தாலும், இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள அவை போதாது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பில் இருப்பவர், ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் பிறர் பொறுப்பில் விடப்பட்டவர். ஒரு ‘த’ விட்டுப்போனால் நோயாளி செவிலியரைப் பார்த்துக்கொள்வதாகிவிடும்! இதற்கெல்லாம் மொழி கற்போருக்கான நல்ல அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எது பேச்சுவழக்கு, எது அலுவலக நடை என்ற குறிப்பும் வேர்ட்நெட்டில் அரிது.

பழைய முறையோடு ஒப்பிட்டால், ரோஜே என்பவர் தொகுத்து 1852-இல் முதலில் வெளிவந்த ஒத்தசொல் களஞ்சியம் கருத்துகளை 1,000 தலைப்புகளில் அடுக்கியது. ஆனால் சொற்களுக்கு விளக்கம் தரவில்லை. தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிப்பவருக்கு அந்த முறை அருமையானது. சொற்களின் வேறுபாடே தெரியாதவருக்கு வேர்ட்நெட்தான் பாதுகாப்பு.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓபன் இங்கிலிஷ் வேர்ட்நெட்டை எடுத்துக்கொள்வது நல்லது. பிரின்ஸ்டன் தரவை அடித்தளமாகக் கொண்டு பிழை திருத்தியும் புதிய சொற்கள் சேர்த்தும் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். பழைய 3.0 பதிப்பை நம்பி எழுதிய மென்பொருள் கையில் இருந்தால் மட்டும் மாற்றும் முன் எச்சரிக்கை வேண்டும்: தொகுதிகளின் அடையாள எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும்.