கண்டன்சேட் குழாய்க்குக் கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ் எஃகா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை தொழிற்பேட்டையில் நான் கொதிகலன் பார்க்கும் மீ (நூடுல்ஸ்) தொழிற்சாலையில், உலர்த்திகளில் நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரை, அதாவது கண்டன்சேட்டை, கொதிகலன் அறைக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஒன்றரை அங்குலக் குழாயின் நீளம் முப்பது மீட்டர். அதை இரண்டு முறை கார்பன் எஃகில் போட்டோம். முதலாவது ஏழு ஆண்டும் இரண்டாவது ஆறு ஆண்டும் தாங்கின. மூன்றாவது முறை ஸ்டெயின்லெஸ் எஃகின் 304 ரகத்துக்கு மாறினோம். என் சாய்வு இதன் பக்கம்தான்.

விலையில் கார்பன் எஃகுக்கே வெற்றி. எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் ஸ்டெயின்லெஸ் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வளைப்பதும் மரை வெட்டுவதும் கார்பன் எஃகில் எளிது.

ஆயுளைத் தீர்மானிப்பது உள்ளே ஓடும் நீர். அதே கார்பன் எஃகில் போட்ட நீராவிக் குழாய் இருபது ஆண்டாக மாற்றமின்றி நிற்க, திரும்பும் குழாய் மட்டும் அரிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. மென்னீராக்கி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்குகிறதே தவிர பைகார்பனேட்டை விட்டுவிடுகிறது. அது கொதிகலன் சூட்டில் சிதைந்து கரியமில வாயுவாகி, நீராவியோடு சென்று, குளிர்ந்த நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. கழற்றிய குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது மேல்பாதி புதிது போலவே இருந்தது; அடிப்பகுதியில் மட்டும் உளியால் செதுக்கியது போல ஒரு வாய்க்கால். “தம்பி, மேல தட்டினா நல்ல சத்தம்தான் வரும், அடியில தட்டிப் பாரு” என்று எங்கள் மூத்த குழாய்க்காரர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

முதலில் ஒழுகுவது மரை இணைப்புகளே. ஷெட்யூல் 40 என்ற கன வகைக் குழாயின் 3.7 மி.மீ. சுவர்க் கனத்தில் ஏறக்குறைய 1.5 மி.மீ. மரைக்கே போய்விடுகிறது. ஸ்டெயின்லெஸ் குழாயின் கனம் 2.8 மி.மீ. மட்டுமே என்றாலும், முழுவதும் பற்றவைத்திருப்பதால் அந்த இழப்பு இல்லை. அந்த அமிலமும் அதை அரிப்பதில்லை. அமீன் மருந்து கலந்து அமிலத்தை முறிக்கலாமே என்று கேட்பார்கள். எங்கள் அவிக்கும் பெட்டியில் நீராவி நேரே மீயின் மேல் படுகிறது. அமெரிக்க உணவு விதியே அத்தகைய நீராவியில் மார்ஃபோலின் என்ற அமீனை 10 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) நிறுத்துவதால், மருந்தை நம்பிக் குழாயைக் காப்பாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

உண்மையான செலவு குழாயை மாற்றும் நாட்களில்தான் தெரியும். சீனப் பெருநாள் விடுமுறை வரை காத்திருக்க முடியாமல் ஒருமுறை நடுவாண்டில் திறந்தோம். திரும்பும் நீர் முழுவதும் சாக்கடைக்குப் போக, கொதிகலனுக்குள் செலுத்தும் ஊட்டுநீர் 85 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கியது. ஆறு டிகிரி குறைந்தால் ஒரு விழுக்காடு எரிபொருள் கூடும் என்ற கணக்கில், இது ஒன்பது விழுக்காட்டுக்கு மேல். ஒழுகல் தெரிந்தும் தள்ளிப்போட்ட வாரங்களில் போனது தனி.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் குறை உண்டு. சூட்டில் கூடுதலாக நீளும். எங்கள் முப்பது மீட்டரில் கார்பன் எஃகு 23 மி.மீ. நீளும் இடத்தில் இது 33 மி.மீ. வரை நீளும் என்பதால், தாங்கிகள் அனைத்தையும் நகர்பவையாக மாற்ற நேர்ந்தது. கடற்கரை ஊரில் பெரிய அச்சம் குளோரைடு: 60 டிகிரிக்கு மேல், ஈரமான வெப்பக்காப்பில் உப்பு சேர்ந்தால் வெளியிலிருந்து விரிசல் விடக்கூடும். இப்போது ஐந்தாம் ஆண்டு. இரண்டு இடங்களில் காப்பைப் பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று உறுதி சொல்ல ஐந்து ஆண்டு அனுபவம் போதாது.

வாடகைக் கட்டடம், இரண்டு மூன்று ஆண்டில் இடம் மாறவேண்டும் என்றால் கார்பன் எஃகே போதும்; ஆனால் கனம் கூடிய ஷெட்யூல் 80 வாங்கி, மரையைத் தவிர்த்துப் பற்றவைத்து, ஸ்டீம் டிராப்புகளை (நீராவியைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடும் வால்வுகளை) அடுத்த வளைவுகளின் அடிப்பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கனம் அளந்து குறித்து வையுங்கள்.