பழைய டூரிங் பைக்கின் சத்தம்: செயினில் தேடுவதா, ஷாஃப்ட்டில் தேடுவதா?

கியர் விழும்போது பின்பக்கம் ஒரு ‘டொக்’. ஆக்சிலேட்டரை விட்டுத் திருகினால் மறுபடி அதே ‘டொக்’. 60,000 கிலோமீட்டர் தாண்டிய டூரிங் பைக்கில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். இன்ஜினின் சுழற்சியைச் சங்கிலி வழியே பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் செயின் வண்டியில் இதன் காரணத்தை அரைமணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். சங்கிலிக்குப் பதில் சுழலும் தண்டு உள்ள ஷாஃப்ட் வண்டியிலோ சத்தம் ஒளிய நான்கைந்து இடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மூடிய உறைக்குள். பழைய வண்டி என்றால் என் ஓட்டு செயினுக்கு விழுவது இதனால்தான்.

ஷாஃப்ட் சுத்தமானது, செயின் எண்ணெய் தெறிக்கும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை. புது வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. பழையதில் பார்க்க வேண்டியது, கோளாறு வந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும் என்பதை.

இரண்டுக்கும் பொதுவான சந்தேகங்களை முதலில் கழித்துவிட வேண்டும். நியூட்ரலில் ஐடிலிங்கில் வரும் கடகடப்பு கிளட்சைப் பிடித்ததும் அடங்கினால், கிளட்ச் பாஸ்கெட்டையோ (கிளட்ச் தட்டுகள் உட்காரும் கூடை) கியர்பாக்ஸுக்குள் சுழற்சி நுழையும் முன் அச்சின் பேரிங்கையோ பார்க்க வேண்டும். பல சிலிண்டர் வண்டியில் கார்புரேட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஐடிலிங் தடுமாறினாலும் பாஸ்கெட் இப்படித்தான் கடகடக்கும், எனவே அதைச் சரிசெய்த பிறகே கிளட்ச் மூடியைத் திறக்கலாம். கிளட்சைப் பிடிக்கும்போது மட்டும் கிர்ரென்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். கிளட்ச் எப்படி இருந்தாலும் மாறாமல், ஸ்டார்ட் செய்ததும் அதிகமாக இருந்தால், இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். காலியான நேர் சாலையில் கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். சத்தம் வண்டி வேகத்தோடு குறைந்தால் மட்டும் இனி சொல்லப்போவது பொருந்தும்.

செயினில் தாளத்தை எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் அருகே விரல் போகவே கூடாது. உதாரணத்துக்கு முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 17 பல், பின்னதில் 42 பல், செயினில் 110 இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒரு ‘டிக்’ வந்தால் பின் ஸ்ப்ராக்கெட், பிரேக் டிஸ்க், டயர் இவற்றில் ஒன்று. ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை முறை வந்தால் முன் ஸ்ப்ராக்கெட் பக்கம். 2.6 சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில்தான் எங்கோ ஒரு இணைப்பு இறுகியிருக்கிறது. சாக்பீஸால் குறியிட்டு இன்னொரு முறை சுற்றினால் அந்த இணைப்பே கையில் அகப்படும்.

அடுத்தது தளர்ச்சி. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கச் செயினை மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான டூரிங் வண்டிகளில் 30 முதல் 40 மி.மீ. வரை ஆட வேண்டும். சரியான அளவும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதும் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நான்கு இடங்களில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். டூரிங் வண்டிக்காரர்கள் தவறுவது இங்கேதான். பின்னால் ஆளும் இரண்டு பெட்டியும் ஏறியதும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலேறி செயின் இன்னும் இறுகும். காலி வண்டியில் கச்சிதமாக இருந்தது, சுமை ஏறியதும் நொய்ங் என்று முனகும், கியர் முரட்டுத்தனமாக விழும், முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னாலுள்ள பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். ஆகவே மேனுவல் தரும் அளவில் தளர்ந்த எல்லையை ஒட்டி வைப்பதே நல்லது. அதையும் தாண்டித் தளர்ந்தால் ஸ்விங்ஆர்மில் அடித்துச் சடசடக்கும், ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் வெட்டி இழுக்கும்.

தேய்மானத்துக்கு ஸ்கேல் போதும். செயினின் அளவு எண் 520, 525, 530 எதுவானாலும் ஒரு இணைப்பு 15.875 மி.மீ., செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்தால் புதியதில் 317.5. அது 320.7 ஆனால் 1 சதவீதம் நீண்டுவிட்டது, செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாகவே மாற்ற யோசிக்கலாம். புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் போடுவது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவது போல.

அப்படியும் ‘டொக்’ போகவில்லையா? ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் பின்சக்கர ஹப் ரப்பர். வண்டியைக் கியரில் விட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால், ஸ்ப்ராக்கெட் நிற்க சக்கரம் மட்டும் தாராளமாக ஆடும். பழைய ரப்பர் காய்ந்து சுருங்கிவிடும், கியர் மாற்றத்தின் அதிர்ச்சி நேராக டிரான்ஸ்மிஷனில் இறங்கும். ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று தீர்ப்பான வண்டிகளில் இந்த ரப்பரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூடவே முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி நட்டையும், ஸ்ப்ராக்கெட் தான் மாட்டியிருக்கும் அச்சின் பல்லில் ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஷாஃப்ட். 1923-ல் பிஎம்டபிள்யூ ஆர்32-இலேயே வந்த ஏற்பாடு, குறை சொல்ல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் போகிறவர்களுக்கு மனசு வராது. அடிக்கடி செயினுக்கு எண்ணெய் பூசும் வேலை இல்லை, பின்பக்கக் கியர் உறை ஆயில் சுமார் 200 மி.லி. தான் பிடிக்கும். ஆனால் அதே ‘டொக்’ இங்கே வந்தால் தண்டை வளைந்து சுழலவிடும் யூனிவர்சல் ஜாயின்ட்டா, தேய்ந்த ஸ்ப்ளைனா (பல் வரிகளால் கோக்கும் இணைப்பு), சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பின்பக்கக் கிரவுன் கியரா, பேரிங்கா? புதிய ஷாஃப்ட் வண்டியிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு என்பதால், எது இயல்பு, எது கோளாறு என்று கையால் அசைத்துப் பார்த்துச் சொல்வதே கஷ்டம். செயினில் எண்ணிய தாளம் இங்கே அதிகம் உதவாது, சுற்றுவதெல்லாம் உறைக்குள். குறைந்த வேகத்தில் டிக் டிக் என்று வந்து, வேகம் கூடியதும் கால் வைக்கும் இடத்தில் அதிர்வாக மாறினால் ஜாயின்ட்டை சந்தேகிக்கலாம்.

ஸ்ப்ளைன் கொடுமை தனி. ஹோண்டா எஸ்டி1100 போன்றவற்றில் பின்சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மாலிப்டினம் கலந்த பேஸ்ட் பூச வேண்டும். முந்தைய உரிமையாளர் டயர் மட்டும் மாற்றிவிட்டுப் பூசாமல் மாட்டியிருந்தால் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, பல் கத்திபோல் மெலிந்து ஒருநாள் வழுக்கும்.

ஒன்றில் மட்டும் இரண்டும் சமம். சுமையில் இரண்டாவது கியர் தானாக வெளியே துள்ளினால் அது கியர்களைக் கோக்கும் டாக் முனைகள் தேய்ந்ததாலோ கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்ததாலோ, செயினும் ஷாஃப்ட்டும் அதற்குப் பொறுப்பல்ல. இன்ஜினைப் பிளக்கத்தான் வேண்டும். அதற்கு முன், கியர் லீவர் இணைப்பின் போல்ட்டும் பந்து மூட்டும் லூஸாக இல்லையா என்று பார்க்க இரண்டு நிமிடம் செலவிடலாம். நியூட்ரல் விழ மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை: கேபிள் வண்டியில் ஆட்டத்தை அளக்கவும், ஹைட்ராலிக் வண்டியில் பழைய திரவத்தை மாற்றிக் காற்றை எடுக்கவும்.

பெல்ட் வண்டிகளை அதிகம் கையாளாததால் அவற்றைப் பற்றி இங்கே நீட்டவில்லை. கல் சிக்கிய ஓட்டை, உடைந்த பல், கீச்சிடும் கோணல் ஓட்டம் இவை கண்ணுக்குத் தெரியும் என்ற வகையில் செயினுக்கு நெருக்கம்.

இதற்குப் பிறகும் ஷாஃப்ட்தான் வேண்டும் என்றால், விலை பேசும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங்கோ பின்பக்கப் பேரிங்கோ. பின்பக்க ஆயிலை இறக்கி, வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் துடைத்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் படிவு இயல்பு. நகத்தில் சிக்கும் தகடுகள் வந்தால் போல்ட்டை மாட்டிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கக் கிளம்பலாம்.