வேனில் வாழ்ந்தபடி வேலை: சில ஆண்டு அனுபவம்

வேனை வீடாக மாற்றுபவர்களில் பலர் கட்டிலை வைத்துத்தான் திட்டமிடத் தொடங்குகிறார்கள். நாள் முழுவதும் மடிக்கணினியில் வேலை பார்ப்பவர் மேசையிலிருந்து தொடங்க வேண்டும். சில ஆண்டுகளாக வேனிலேயே வாழும் நான் இதை அழுத்தமாகவே சொல்வேன். மடித்தால் மேசை, விரித்தால் கட்டில் என்ற அமைப்பு படத்தில் அழகாக இருக்கும். தினமும் படுக்கையைச் சுருட்டினால்தான் வேலை என்றால் சீக்கிரமே அலுத்துவிடும். என் வேனில் பின்பக்கக் கட்டில் நிலையானது. முன்னிருக்கை சுழலும் அடித்தளத்தில் இருக்கிறது. திருப்பினால் அதுவே அலுவலக நாற்காலி. முதுகுவலி இல்லாமல் உட்கார முடிகிறது.

மின்சாரத்துக்குக் கணக்குப் போட்ட பிறகே எதையும் வாங்குங்கள். 60 வாட் எடுக்கும் மடிக்கணினி எட்டு மணி நேரத்தில் 480 வாட்-மணி செலவழிக்கும். 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500. செயற்கைக்கோள் இணையம், மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்தால் மொத்தம் ஒன்றரை கிலோவாட்-மணியை நெருங்கும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2.56 கிலோவாட்-மணி இருக்கும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாள் தாங்கும். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் வண்டிக்கு உள்ளேயே வைத்திருக்கிறேன். மடிக்கணினிக்கு இன்வெர்ட்டர் வேண்டாம்; 12 வோல்ட் யுஎஸ்பி-சி சார்ஜர் போதும். வீணாகும் மின்சாரம் குறையும்.

கூரையில் தட்டையாகக் கிடக்கும் 400 வாட் சோலார், 400 வாட்டைத் தருவது அபூர்வம். அதனால் எஞ்சினிலிருந்து மின்சாரம் எடுக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி மின்சாரம் சேர்ந்துவிடுகிறது.

இந்த வாழ்க்கையின் உண்மையான இழுபறி வேறு. சோலாருக்கும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்துக்கும் திறந்த வானம் வேண்டும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் உடம்புக்கு நிழல் வேண்டும். மரத்தடியில் நிறுத்தினால் சோலார், ஸ்டார்லிங்க் இரண்டுமே தடுமாறும். காலையில் வெட்டவெளியில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறியதும் நிழலுக்கு நகர்ந்து செல்பேசி இணையத்துக்கு மாறுவது எனக்குப் பழகிவிட்டது. தகர உடல் சிக்னலைத் தடுக்கும் என்பதால் ரூட்டரின் ஆன்டெனா கூரைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஈரத்தை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். மூச்சிலும் சமையல் எரிவாயு எரிவதிலும் வரும் நீராவி குளிர்ந்த தகரத்தில் படிந்து, பலகைக்குப் பின்னால் பூஞ்சையாகிவிடும். குளிரிலும் கூரை விசிறியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு ஜன்னலைச் சற்றே திறந்துவைக்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூட உள்ளே தூங்காதீர்கள்.

கனமழையில் காணொலிக் கூட்டம் இருந்தால் கூரைச் சத்தம் பேச்சை மூழ்கடிக்கும். தகரத்தில் அதிர்வுத் தடுப்பு விரிப்பு ஒட்டியிருந்தும், வாயருகே மைக் உள்ள ஹெட்செட்தான் கைகொடுக்கிறது.