ஏற்றத்தில் மட்டும் சுடும் ஹீட்டர்

இந்தக் காருக்கு எத்தனை குதிரைசக்தி, எத்தனை விநாடியில் நூறு தொடும் என்பதெல்லாம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடிக்கொள்ளுங்கள். 1980களின் ஜெர்மன் கூபே. முன்னால் நான்கு சிலிண்டர் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ், தேவைப்படும்போது மேலெழும்பும் ஹெட்லைட். இவ்வளவு சொன்னாலே தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், பெயர் எதற்கு? வளைவில் இதைப் போல ஓட்டுநரோடு பேசும் கார் இன்றைக்கு ஷோரூமில் கிடைக்காது என்பது என் கட்சி. அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தது ஹீட்டரைப் பற்றி.

லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் போக எம்62 சாலையில் பென்னைன் மலையைத் தாண்ட வேண்டும். இங்கிலாந்தின் மோட்டார்வேக்களிலேயே உயரமான இடம் அங்கே விண்டி ஹில்லில் இருக்கிறது, 372 மீட்டர். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இருக்காது. ஹீட்டர் திருகை 'குளிர்' பக்கம் முழுக்கத் திருப்பியிருப்பேன், வெளிக்காற்று அப்படியே வரும். ஏற்றம் தொடங்கி ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் கதை மாறிவிடும். இரண்டு பக்கச் சாலைக்கும் நடுவே நிற்கிறதே ஸ்டாட் ஹால் பண்ணை, அதை நெருங்குவதற்குள் காலடியில் அனல் அடிக்கும். உச்சியைத் தாண்டி இறங்கினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஜூலை மாதத்தில், ஏசி வேலை செய்யாத காரில், இந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

ஒரு கேரேஜில் காட்டினேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்தான் காரணம் என்று சொல்லி அதை மாற்றினார்கள். சூடு அப்படியே இருந்தது. அடுத்து, ஹீட்டர் மேட்ரிக்ஸ் (வெந்நீர் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டது, டேஷ்போர்டை முழுக்கக் கழற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது தொகையைக் கேட்டு மட்டுமில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கீழேயே கிடக்கும். மூடியபடி மாட்டிக்கொண்டால் சிவப்புக் கோட்டுக்குப் போகும். என் காரில் முள் எப்போதும் நடுவில்தான் நின்றது. மேட்ரிக்ஸ் ஒழுகினால் உள்ளே ஒரு இனிப்பான வாடை வரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுக்கும், கம்பளம் நனையும். இதில் ஒன்றுகூட இல்லை. ஏற்றத்தில் மட்டும் ஏன் சுடுகிறது என்று அந்தப் பட்டறையில் ஒருவரும் கேட்கவில்லை. நோயாளி சொல்வதைக் காதில் வாங்காமல் மருந்து எழுதும் டாக்டர் போலத்தான் நடந்துகொண்டார்கள்.

விடை அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. இந்தக் காரில் ஹீட்டருக்குப் போகும் வெந்நீரை அடைப்பது எஞ்சினுக்குப் பின்புறம் இருக்கும் ஒரு வால்வு. அதை இழுத்து மூடுவது மின்சாரமும் இல்லை, கேபிளும் இல்லை, வேக்யூம். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் குழாயில் உண்டாகும் உறிஞ்சு விசையைத்தான் மெல்லிய குழாய்கள் வழியாகக் கொண்டுவந்து பயன்படுத்துகிறார்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, இந்த விசை ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் வால்வு திறந்துகொள்ளாமல் இருக்கத்தான் நடுவில் ஒரு சின்ன சேமிப்புக் கலனும், ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வும் வைத்திருக்கிறார்கள். செக் வால்வு கசிந்தால் சேமித்த வேக்யூம் எஞ்சின் பக்கமே போய்விடும். ஹீட்டர் வால்வு திறக்கும், வெந்நீர் பாயும். மலை ஏறினால் சூடு, இறங்கினால் குளிர்.

கையால் அழுத்தும் வேக்யூம் பம்ப் ஒன்றை வாங்கினேன், மானியோடு வருவது. நேராக ஹீட்டர் வால்வில் மாட்டி அழுத்தினால் முள் ஏறி அங்கேயே நின்றது. அப்படியானால் வால்வுக்குள் இருக்கும் சவ்வு நன்றாகவே இருக்கிறது. குழாய்ப் பக்கம் மாட்டினேன், முள் மெதுவாக இறங்கியது. முழங்கை போல வளைந்த ரப்பர் இணைப்பு ஒன்று மரக்கட்டையாக இறுகிப்போயிருந்தது, ஓரத்தில் வெடிப்பு. அதற்கு யாரோ எப்போதோ மின்சார டேப் சுற்றி வைத்திருந்தார்கள், அந்தப் புண்ணியவான் வாழ்க. அதை மாற்றியும் இறக்கம் நிற்கவில்லை. கடைசியில் செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதினேன். இரண்டு பக்கமும் தாராளமாகக் காற்று போனது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், விலை சில பவுண்டு. இதற்குத்தான் டேஷ்போர்டைக் கழற்றப் பார்த்தார்கள்.

வடிவமைத்தவர்களுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். வேக்யூம் போனால் வால்வு திறந்துகொள்ளும்படி, அதாவது சூடு வரும்படி விட்டது யோசித்துச் செய்த வேலை. ஜனவரி இரவில் குழாய் ஒன்று அறுந்தால் முன்கண்ணாடியில் படியும் பனி நீங்க வேண்டும். வேர்த்தால் யாரும் சாவதில்லை, சாலை தெரியாவிட்டால் சாவார்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 229ஆம் விதி கண்ணாடியின் மூடுபனியை நன்றாகப் போக்கிவிட்டுத்தான் கிளம்பச் சொல்கிறது. இதே காலத்து, காற்றால் குளிர்விக்கும் எஞ்சின் வைத்த போர்ஷே 911, வோக்ஸ்வாகன் பீட்டில் இவற்றில் வெந்நீரே கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புவார்கள். உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும் ஆபத்து உண்டு. அதோடு பார்த்தால் என் பாடு எவ்வளவோ தேவலை. இதையெல்லாம் மலை உச்சியில் வேர்த்துக் கொட்டும்போது நினைத்துப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலக் குறைகளும் உண்டு. ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் ஓடியது. அது ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் குறைத்து விடும் பாகத்தின் பிரச்சினை. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகும், கடைசி வேகத்துக்கு நேராகப் போகும். ரெசிஸ்டர் சூடாகும் என்பதால் அதைக் காற்றோட்டத்திலேயே வைத்திருப்பார்கள், அங்கே இலைக் குப்பை அடைத்தால் எரிந்துவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து ஒரு வாளி மக்கிய இலை எடுத்தேன். தண்ணீர் வடியும் துளையும் அடைபட்டுத்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் இறங்கி ஈரமான கம்பளத்தையும் காயவைத்த பிறகு காலையில் கண்ணாடி மூடுபனியாவது பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் கறுப்புத் துகள்கள். காற்றைத் திசை திருப்பும் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் ஃபோம் வயதானால் உதிர்ந்து, வென்ட் வழியாக முகத்தில் தெறிக்கும். எந்தத் தகடு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடிக்க வீட்டு ஊதுபத்தி போதும். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டு, ஃபேனை ஓட்டி, காலடி வென்டில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை விலகி ஓடினால் அந்தத் தகடு கசிகிறது. என் காரில் ஓடுகிறது. இதற்கு மட்டும் நிஜமாகவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், நான் கழற்றப் போவதில்லை. ஏசியும் அப்படியே கிடக்கும். அதில் குளிரூட்ட இருந்தது ஆர்12 வாயு. ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றினால் ஓரளவு குளிரும் என்கிறார்கள். அதற்குள் இன்னும் பணம் போட மனம் வரவில்லை.

விலை கொஞ்சம் இறங்கியிருந்த நேரத்தில் "வாங்கலாமா மச்சான்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியானால் நீ மட்டும் ஏன் வைத்திருக்கிறாய் என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் ஐந்தில் இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். அடுத்த வாரம் கேட்டால் கூடலாம்.

இருந்தாலும் பார்க்கப் போவதென்று முடிவு செய்துவிட்டால் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். கிளப்பி, முள் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஃபேனின் எல்லா வேகத்தையும் போட்டுப் பாருங்கள். கம்பளத்துக்கு அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரைக் குளிரில் வைத்து, நீளமான ஒரு ஏற்றத்தில் மிதித்து ஓட்டுங்கள். ஓட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுங்கள்.