லைக்ரா சென்சரி ஊஞ்சல்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் மாட்டும் ஊஞ்சல்களில் லைக்ரா, அதாவது இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் துணி வகையைத்தான் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பார்க்க நம்மூர்த் தூளி மாதிரிதான். ஆனால் நூல் சேலை உடம்பைத் தாங்குவதோடு சரி. லைக்ரா சுற்றிலும் இறுக்கி அணைக்கிறது. அந்த அழுத்தமும் சீரான ஆட்டமும் சேரும்போதுதான் கத்திக் களைத்த பிள்ளை மெல்ல நிதானத்துக்கு வருகிறது.

எப்படி ஆட்டுகிறோம் என்பது துணியைவிட முக்கியம். முன்னும் பின்னுமாக மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட்டினால் அமைதி வரும். சுற்றிவிட்டால் உள்காதின் சமநிலை உறுப்பு கிளறப்பட்டு, பல பிள்ளைகளுக்குப் பரபரப்பு கூடும். ஒற்றைக் கொக்கியில் தொங்கும் ஊஞ்சல் தானாகவே திரும்பும். தூங்கப் போகுமுன் அமைதிப்படுத்தத்தான் என்றால் இரண்டு கொக்கியில் மாட்டும் மாடலை வாங்குங்கள், ஸ்விவல் (ஊஞ்சலைச் சுழலவிடும் இணைப்பு) வேண்டாம். 10 நிமிடம் போதும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும். சுழற்சியின் தாக்கம் இறங்கிய பிறகும் நீடிக்கும். வலிப்பு வரும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

கொக்கியில்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. 30 கிலோ பிள்ளை 60 டிகிரி வரை உயர்ந்து கீழே வரும்போது கயிற்றில் விழும் இழுவை 60 கிலோ. உள்ளே குதித்தால் இன்னும் அதிகம். ஃபேன் கொக்கி இந்த ஆட்டத்துக்குப் போட்டதல்ல, அதில் மாட்டாதீர்கள். பழைய வீட்டில் தளம் போடும்போதே பதித்த ஊஞ்சல் கொக்கி துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் கான்கிரீட் பீமில் துளையிட்டு இறுக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட். பூச்சின் தடிமனைக் கழித்து, கான்கிரீட்டுக்குள் போகும் ஆழத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங், ஆஸ்பெஸ்டாஸ், ஓட்டுக் கூரை எதுவும் ஆகாது. எஸ் வடிவக் கொக்கி நாளடைவில் வாய் திறந்துகொள்ளும். திருகிப் பூட்டும் காரபினர் (வாய் மூடிக்கொள்ளும் உலோக வளையம்) போடுங்கள். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் பள்ளம் விழுகிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள். கொக்கி கிரீச்சிட்டால் அலட்சியம் வேண்டாம்: சத்தம் தாங்காத பிள்ளை அதற்காகவே ஏற மறுக்கும். சிலிகான் ஸ்ப்ரே ஒரு துளி போதும்.

துணி கிழிவதற்கு வெகு முன்பே அதன் பிடி போய்விடும். பிள்ளை உட்கார்ந்த நிலையில் அடிப்பகுதி தரையிலிருந்து 30 செ.மீ. இருக்கும்படி கட்டி, அந்த அளவைச் சுவரில் குறித்து வையுங்கள். கயிற்றைச் சுருக்கிச் சுருக்கித்தான் உயரம் நிற்கிறது என்றால் துணி தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். வெந்நீர், பிளீச்சிங், உச்சி வெயில் மூன்றும் லைக்ராவின் பிடியைக் கொல்லும். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். முதலில் விட்டுப்போவது, பட்டையும் துணியும் சேரும் தையல். அங்கே நூல் பிரிந்தால் வீட்டில் ஊசி நூலால் ஒட்டுப் போடாதீர்கள்.

கீழே தடித்த மெத்தை, எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் வெற்றிடம், பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர். உள்ளே தூங்கிவிட்டால் தூக்கிப் படுக்கையில் போடுங்கள். தலை முன்னால் சரிந்து மூச்சு அடைபடலாம்.

கால் தரையைவிட்டு எழும்பினாலே நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை வற்புறுத்தி ஏற்றாதீர்கள். பாதம் முழுதாகத் தரையில் பதியும் உயரத்துக்கு ஊஞ்சலைத் தாழ்த்திக் கட்டிவிட்டு, தானாக வந்து உட்காரும்வரை விட்டுவிடுங்கள். முதல் தள்ளலும் அந்தப் பிள்ளையின் காலிலிருந்தே வரட்டும்.