எல்விஎம்மோடு ஒன்பது வருஷம்: பெருக்கினால் சுகம், சுருக்கினால் வினை

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர், திங்கள்சந்தைப் பக்கம் ஒரு முந்திரி ஆபீஸ், தக்கலையில் ஒரு பள்ளிக்கூடம். இந்த மூன்று இடத்து சர்வர்களையும் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. மொத்தம் ஏழு பெட்டி. ஆறில் லினக்ஸ், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேருக்காக ஒன்றில் மட்டும் விண்டோஸ். லினக்ஸ் பெட்டிகள் எல்லாவற்றிலும் டிஸ்க்கைப் பங்கு போடுவது எல்விஎம், அதாவது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர். 2016 கடைசியில் முதல் பெட்டியில் போட்டேன், இன்றைக்கு வரைக்கும் மாற்றவில்லை. மாற்றத் தோன்றிய நாட்கள் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எல்விஎம் தெரியாதவர்களுக்கு எங்கள் ஊர்ப் பாணியில் சொன்னால், பல ஓடைத் தண்ணீர் ஒரு குளத்தில் சேர்கிறது, குளத்திலிருந்து மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் விடுகிறோம். ஓடை என்பது பிவி (பிசிகல் வால்யூம்), அதாவது நிஜ டிஸ்க். குளம் விஜி (வால்யூம் குரூப்). வயல் எல்வி (லாஜிக்கல் வால்யூம்), அதன்மேல்தான் ஃபைல்களை அடுக்க ஃபைல் சிஸ்டம் போட்டு மவுண்ட் செய்கிறோம், அதாவது பயன்படுத்த ஒரு ஃபோல்டரில் இணைக்கிறோம். எந்த வயலுக்கு எந்த ஓடைத் தண்ணீர் வந்தது என்று வயலுக்குத் தெரிய வேண்டியதில்லை. அளக்கும் மரக்கால் ஒன்று உண்டு, எக்ஸ்டெண்ட் என்பார்கள், நாம் மாற்றாவிட்டால் 4 எம்பி. லினக்ஸுக்கு இதை 1998இல் எழுதியவர் ஹெய்ன்ஸ் மவுல்ஸ்ஹாகன், எச்பி கம்பெனியின் எச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த எல்விஎம்மைப் பார்த்து எழுதினார். சரி, வரலாறு போதும். கமாண்டுகளை நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் சொல்வது போலவே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருஷத்தில் நான் அதிகம் அடித்த கமாண்டுகள் எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் செய்பவை: பிவி, விஜி, எல்வி பட்டியலுக்கு பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ், கூடவே எல்லா டிஸ்க்கையும் காட்டும் எல்எஸ்பிஎல்கே. வேலைக்குச் சேரும் பையன்கள் முதல் வாரத்திலேயே எல்வி உருவாக்கும் எல்விகிரியேட், அதைப் பெருக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் என்று பாய்வார்கள். நான் ஒரு மாதம் இந்த நான்கைத் தவிர வேறு எதையும் அடிக்க விடமாட்டேன். விஜிஎஸ் அடித்தால் கடைசிப் பத்தியில் விஃப்ரீ என்று வரும். குளத்தில் யாருக்கும் கொடுக்காமல் கிடக்கும் தண்ணீர் அதுதான், என் கண் முதலில் போவதும் அங்கேதான். அது பூஜ்யமாக இருந்தால் அந்தப் பெட்டியில் அவசரத்துக்கு எதுவும் செய்ய முடியாது என்று அர்த்தம்.

இன்ஸ்டாலர்கள் இந்த விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சில இன்ஸ்டாலர்கள் டிஸ்க் முழுவதையும் ரூட்டுக்கும் (சிஸ்டம் இருக்கும் இடம்) ஹோமுக்கும் (பயனர்களின் ஃபைல்கள்) பங்கிட்டுவிட்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. உபுண்டு சர்வர் நேர் எதிர், விஜி 200 ஜிபிக்கு மேல் இருந்தால் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். இதனால் வருஷத்துக்கு இரண்டு போனாவது வரும், "அண்ணே, ஒரு டிபி டிஸ்க் போட்டேன், டிஎஃப்ல நூறு ஜிபிதான் காட்டுது, டிஸ்க் டூப்ளிகேட்டா?" என்று. டூப்ளிகேட் இல்லை மக்கா, டிஎஃப் காட்டுவது ஃபைல் சிஸ்டத்தின் அளவை மட்டும்தான், விஜிஎஸ் அடித்துப் பார். எனக்கு உபுண்டுவின் வழிதான் பிடிக்கிறது.

பெருக்குவதில் எல்விஎம்மை நான் குறை சொல்லவே மாட்டேன். ஸ்கேன் சென்டரில் சிடி மெஷின் வந்த பிறகு படங்கள் மளமளவென்று குவிந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, வெளியே டோக்கன் வாங்கிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், படம் சேமிக்கிற எல்வி 97 சதவீதம். எல்விஎக்ஸ்டெண்ட், மைனஸ் ஆர், மைனஸ் பெரிய எல், பிளஸ் 200 ஜி, அப்புறம் எல்வியின் பெயர். அன்மவுண்ட் கிடையாது, ரீஸ்டார்ட் கிடையாது, உள்ளே டெக்னீஷியனுக்கு விஷயமே தெரியாது. அந்த மைனஸ் ஆர்-ஐ மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் எல்வி மட்டும்தான் வளரும், உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே நிற்கும். தனியாக வளர்க்க, ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், அதற்கு டிவைஸ் பெயர் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ், அதற்கு மவுண்ட் ஆன இடத்தைக் கொடுக்க வேண்டும். இதை மாற்றி மாற்றி அடித்துத் திட்டு வாங்காத அட்மின் யாரும் இருக்க முடியாது.

இனி சுருக்குவது. எக்ஸ்எஃப்எஸ் போட்டிருந்தால் சுருக்கலாம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். இஎக்ஸ்டி4 சுருங்கும், ஆனால் அன்மவுண்ட் செய்துதான். முந்திரி ஆபீஸில் பழைய பில், கப்பல் பேப்பர் எல்லாம் வைத்திருக்கும் 200 ஜிபி எல்வி ஒன்று, உள்ளே 120 ஜிபி சரக்கு. டேட்டாபேஸுக்கு 50 ஜிபி அவசரமாக வேண்டும், விஃப்ரீ பூஜ்யம். நான் வைத்த வினைதான் அது, ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஆடி மாதம், நான் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், ஆரல்வாய்மொழி தாண்டவில்லை, முப்பந்தல் காற்றாடிகளைச் சுற்றவைக்கிற காற்று ஜன்னல் வழியே காதில் அறைகிறது. போனில் பையன். அன்மவுண்ட் செய்தாயிற்று, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே ஓட்டியாயிற்று, ஃபைல் சிஸ்டத்தை 140 ஜிபிக்குச் சுருக்கியாயிற்று. இனி எல்வியை 50 குறைத்து 150 ஆக்க வேண்டும். நான் சொன்னது: எல்விரெட்யூஸ், மைனஸ் எல், மைனஸ் 50 ஜி.

இரண்டாவது மைனஸை அவன் நான் திருப்பிச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். மைனஸ் எல் 50 ஜி என்று அடித்துவிட்டான். மைனஸ் இருந்தால் 50 ஜிபி குறை என்று அர்த்தம், இல்லாவிட்டால் 50 ஜிபிக்குக் குறை என்று அர்த்தம். ஒரு கோடுதான் வித்தியாசம்.

"அண்ணே, டேட்டா போயிரும்னு ஏதோ வார்னிங் வருது. ஒய் குடுக்கட்டா?"

"அது எப்பவும் வரும், குடுலே."

அது எப்பவும் வரும் என்பது உண்மைதான். சரியாக அடித்திருந்தாலும் அதே பெரிய எழுத்து எச்சரிக்கைதான் வந்திருக்கும். ஆனால் அந்த வரிக்குள்ளேயே எத்தனை ஜிபிக்குச் சுருக்கப் போகிறேன் என்ற எண்ணும் இருக்கும். 150 என்று வர வேண்டிய இடத்தில் 50 என்று வந்திருக்கிறது. அதை வாசிக்கச் சொல்லாதது என் தப்பு. மவுண்ட் செய்தால் ஏறவில்லை. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால் "பேட் ஜியாமெட்ரி", ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் எண்ணிக்கை டிவைஸைவிடப் பெரிதாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே, 140 ஜிபி வீட்டை 50 ஜிபி மனையில் நிற்கச் சொன்னால்?

"எதையும் தொடாதே, கையைக் கட்டிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு வடசேரியில் இறங்கி அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்குக் காப்பாற்றியது, விஜியின் பழைய கணக்கைத் திரும்பக் கொண்டுவரும் விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர். எல்விஎம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் எந்த எல்வி எங்கே என்ற தன் கணக்குப் புத்தகத்தை ஈடிசியில் எல்விஎம் ஃபோல்டருக்குள் ஆர்க்கைவ் என்ற இடத்தில் நகல் எடுத்து வைக்கிறது. அந்தக் கமாண்டில் மைனஸ் மைனஸ் லிஸ்ட் போட்டு விஜி பெயரைக் கொடுத்தால் எல்லா நகலும் வரும், எந்தக் கமாண்டுக்கு முன்னால் எடுத்தது என்றும் எழுதியிருக்கும். எல்விரெட்யூஸுக்கு முந்தியதைத் தேர்ந்தெடுத்து, எல்வியை நிறுத்தி, ரெஸ்டோர் செய்து, மறுபடி எழுப்பி, எஃப்எஸ்சிகே ஓட்டினேன். 200 ஜிபி எல்வி திரும்பி வந்தது, உள்ளே ஒரு பில்கூடக் காணாமல் போகவில்லை.

இது எப்போதும் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விடுவித்த இடத்தில் வேறு எல்வி உருவாக்கி ஏதாவது எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். எல்விஎம் கான்ஃப் ஃபைலில் இஷ்யூ டிஸ்கார்ட்ஸ் என்று ஒரு வரி உண்டு, வழக்கமாக பூஜ்யம். அதை யாராவது ஒன்று ஆக்கியிருந்தால், எஸ்எஸ்டியில் விடுவித்த இடத்தை அப்போதே துடைக்கச் சொல்லிவிடும். இப்போதெல்லாம் சுருக்கும்போதும் மைனஸ் ஆர் போடுகிறோம். உள்ளே இருக்கும் சரக்கு கொள்ளாத அளவு சொன்னால் ரீசைஸ்2எஃப்எஸ் மறுத்துவிடும், எல்விரெட்யூஸும் அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கே போட்டிருந்தால் இந்தக் கதை நாலு வரியில் முடிந்திருக்கும்.

ஒக்கி புயல் நேரத்து அனுபவம் வேறு மாதிரி. 2017 நவம்பர் 30. மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடத்து சர்வரை யுபிஎஸ் சாகும் முன்பே நிறுத்திவிட்டேன். கரண்ட் வந்து ஆன் செய்தால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. தூசி தட்டக் கழற்றியபோது டிஸ்க் கேபிளை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள், லினக்ஸ் அந்த டிஸ்க்குக்கு வைக்கும் பெயர் எஸ்டிபி என்றிருந்தது எஸ்டிசி ஆகிவிட்டது. பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்ஸ்டேப்பில் ஒரே ஒரு பழைய பார்ட்டிஷனுக்கு மட்டும் நான் எஸ்டிபி1 என்று எழுதி வைத்திருந்தேன். எல்விக்கள் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை, ஏனென்றால் எல்விஎம் டிஸ்க்கை அதன் மேலேயே எழுதியிருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, எந்த வாசலில் நுழைந்தால் அதற்கென்ன. அன்றிலிருந்து மற்றவற்றுக்கும் பிஎல்கேஐடி கமாண்டில் பார்த்து யுயுஐடிதான், அவசியமில்லாத டிஸ்க்குக்கு, அது இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் இருக்க, நோஃபெயில். எஃப்ஸ்டேப்பைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன் சோதிக்க ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை, அப்புறம் மவுண்ட் மைனஸ் ஏ.

எனக்கு மிகவும் பிடித்த கமாண்ட், ஒரு டிஸ்க்கில் இருப்பதை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தும் பிவிமூவ். ஸ்கேன் சென்டரில் ஒரு பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே சொல்வது) பெண்டிங் செக்டர், அதாவது படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கை வாரா வாரம் ஏறிக்கொண்டே வந்தது. புது டிஸ்க் மாட்டி, பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட், பிறகு பிவிமூவ் அடித்துப் பழையதன் பெயரைக் கொடுத்துவிட்டு ரசவடையும் கட்டன் சாயாவும் சாப்பிடப் போய்விட்டேன். வேலை நேரத்திலேயே, படங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், பெட்டி அணைந்தே போயிற்று. காலையில் வெறும் பிவிமூவ் என்று மட்டும் அடித்தேன், கடைசியாகக் குறித்து வைத்த இடத்திலிருந்து தொடர்ந்தது. முடிந்ததும் விஜிரெட்யூஸ், பிவிரிமூவ், டிஸ்க்கைக் கழற்றியாயிற்று. முழு டிஸ்க்கையும் அப்படியே பிவி ஆக்காமல் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை போட்டு ஒரு பார்ட்டிஷனைத்தான் பிவி ஆக்குகிறேன். இல்லாவிட்டால் யாராவது அதைக் கழற்றி விண்டோஸில் செருகும்போது, டிஸ்க் காலியாக இருக்கிறது இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும், அவர்களும் சரி என்பார்கள்.

விண்டோஸ் என்றதும் நினைவுக்கு வருவது அதில் டிஸ்க்கைப் பிரிக்கும் கமாண்டான டிஸ்க்பார்ட். அதில் கிளீன் அடித்தால் ஒரு கேள்விகூடக் கேட்காது, துடைத்துவிடும். லிஸ்ட் டிஸ்க் அடித்து நட்சத்திரக்குறி எந்த டிஸ்க் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் அதைத் தொடுவதில்லை.

ஸ்னாப்ஷாட், அதாவது எல்வியின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது, நல்லதுதான், அப்டேட்டுக்கு முன் எடுத்து, கெட்டுப்போனால் எல்விகன்வெர்ட் மெர்ஜ் போட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் 5 ஜிபி கொடுத்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்து இரண்டு நாள் விட்டேன், எல்விஎஸ்ஸில் டேட்டா சதவீதம் 100 தொட்டதும் அது செல்லாக்காசாகிவிட்டது. அப்புறம் சில்லறை விஷயங்கள்: டிஎஃப் நிறைந்துவிட்டது என்கிறது, ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கும் டியு இடம் இருக்கிறது என்கிறது என்றால், அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 காட்டிக்கொடுக்கும். இஎக்ஸ்டி4 ரூட் என்ற அட்மின் கணக்குக்கென்று 5 சதவீதம் ஒதுக்கும், 8 டிபி டேட்டா டிஸ்க்கில் அது 400 ஜிபி, டியூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 1 போட்டு மீட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஸ்கேன் சென்டர் முதலாளி திரையில் விஜிஎஸ் வெளியீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த முந்நூத்தம்பது ஜிபி வெறுதே கிடக்குதே, இதையும் படத்துக்குக் குடுத்துட்டா புது டிஸ்க் வாங்காண்டாமே?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் பையன் முந்திக்கொண்டு, "அதுல கை வைக்கப்பிடாது சார்" என்றான். முதலாளி என்னைப் பார்த்தார். டிஸ்க்குக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம்.